கைமாறிய சிலிண்டர்: வாங்குமுன் அதன் தோளைப் படியுங்கள்

புதுதில்லியின் மந்திர் மார்க்கைப் பற்றி வாசகர்களுக்கு நீண்ட அறிமுகம் தேவையில்லை. முன்னாளில் ரீடிங் சாலை என்று வழங்கிய இச்சாலையில்தான், 1939-இல் காந்தியடிகள் திறந்துவைத்த லட்சுமி நாராயணர் ஆலயம் இருக்கிறது. பிர்லா மந்திர் என்றே ஊரார் அதனைச் சொல்வர். தில்லித் தமிழர்களுக்கோ இச்சாலை, தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இருக்கும் சாலை. கோயிலுக்கும் பள்ளிக்கும் வருவோர் கண்ணில் படாத மற்றொரு வாழ்வும் இவ்வட்டாரத்தில் உண்டு. சுற்றியுள்ள அரசுக் குடியிருப்புகளுக்கு ஜன்னல் கம்பி பொருத்துவோர், இரும்புக் கதவு செய்வோர், கோடை பிறந்ததும் குளிர்சாதனக் கருவிகளின் செம்புக் குழாய்களைப் பற்றவைப்போர் எனச் சிறு பட்டறைக்காரர்கள் பலர், பகாட்கஞ்ச் பக்கமும் பஞ்ச்குயான் சாலைப் பக்கமும் தொழில் நடத்தி வருகின்றனர். அவர்களுள் தமிழரும் உளர். கடன் கேட்டு எங்கள் மேசைக்கு வரும் அவர்களுடைய விண்ணப்பங்களில் ஓர் ஐட்டம் அடிக்கடி தென்படுகிறது: 'பழைய கேஸ் சிலிண்டர்.'

வெல்டிங் இயந்திரத்துக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் விலைப்பட்டியல் கேட்டால் உடனே கிடைக்கிறது. இந்தப் பழைய சிலிண்டருக்கு மட்டும் பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டுதான் வரும். சில சமயம் அதுவும் வராது. வாங்கிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. உள்ளூர் வாயு விற்பனையாளரிடம் கொண்டுபோனால், "இதை நிரப்ப முடியாது" என்ற பதில் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள், கனமான இரும்பு, கண்ணுக்கு எதிரே நிற்கிறது, ஆனால் பயன்படவில்லை. இது ஏன் நேர்கிறது, நேராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை எங்கள் கிளைக்கு வந்த ஒரு விண்ணப்பத்தைக் கொண்டே விளக்க விழைகிறோம்.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாகத் தில்லியில் இரும்பு வேலை செய்துவரும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு ஒரு நல்ல ஒப்பந்தம் கிடைத்தது. மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் படிக்கட்டுக் கைப்பிடிகளும் மாடி முகப்புக் கம்பிகளும் தீபாவளிக்கு முன் முடிந்தாக வேண்டும். மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து மூன்று ஆக்சிஜன் சிலிண்டர்களும் ஓர் அசிட்டிலீன் சிலிண்டரும் மலிவாகக் கிடைக்கவே, முன்பணம் கொடுத்து எடுத்து வந்துவிட்டார். மீதித் தொகைக்கும் புதிய ரெகுலேட்டர்களுக்கும் சேர்த்துக் கடன் கேட்டு வந்தார். நிரப்பித் தருவார்களா என்று விசாரித்தீர்களா எனக் கேட்டோம். "இரும்பு கெட்டியா இருக்கு சார். பேரு யாருதா இருந்தா என்ன, கேஸுக்குத்தானே காசு குடுக்கப் போறோம்?" என்றார். நியாயமான கேள்வியே. ஆனால் அதற்கான விடை சிலிண்டரின் தோளில் பொறித்திருந்தது.

வாயு வேறு, கலம் வேறு

வீட்டுச் சமையல் எரிவாயுவை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நம் சமையலறையில் நிற்கும் 14.2 கிலோ சிலிண்டர் நமக்குச் சொந்தமானதன்று. இணைப்புப் பெறும்போது நாம் கட்டிய தொகை வைப்புத்தொகை. கலம் எண்ணெய் நிறுவனத்துக்கு உரியது. காலியானதைக் கொடுத்து நிரம்பியதைப் பெறுகிறோம். இன்று வந்த சிலிண்டர் நாளை வேறொருவர் வீட்டில் இருக்கும். அதைப் பழுதுபார்ப்பதும் சோதனைக்கு அனுப்புவதும் நிறுவனத்தின் பொறுப்பு.

தொழிற்சாலை வாயுக்களிலும் நெடுங்காலமாக இதே வழக்கம்தான் பெரிதும் நடக்கிறது. 1935-இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியன் ஆக்சிஜன் அண்டு அசிட்டிலீன் கம்பெனி பின்னர் இந்தியன் ஆக்சிஜன் என்றும், பி.ஓ.சி. இந்தியா என்றும், 2013 முதல் லிண்டே இந்தியா என்றும் பெயர் மாறிற்று. இத்தகைய பெரிய நிறுவனங்கள் தம் பெயர் பொறித்த சிலிண்டர்களை வாடகைக்கும் வைப்புத்தொகைக்கும் கொடுத்து வாயுவை விற்று வந்துள்ளன. பெயர் பலமுறை மாறியும் பழைய பொறிப்புகள் இரும்பில் அப்படியே நிற்பதால், ஐம்பது ஆண்டுப் பழைய பெயருள்ள சிலிண்டரும் சந்தையில் வரக்கூடும். அந்தப் பெயர்கொண்ட நிறுவனம் இப்போது இல்லை என்பதால் சிலிண்டர் கேட்பாரற்றது என்று கருதிவிடலாகாது.

இங்கே சட்டம் தெளிவாக உள்ளது. வைப்புத்தொகை கட்டிச் சிலிண்டரை வைத்திருப்பவர், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்லும் ஒப்படைப்பின்படி பொருளைப் பெற்றவர்; உரிமையாளர் அல்லர். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கும் பொதுவாகச் சேராது. வணிகவியல் வகுப்பில் மனப்பாடம் செய்து தேர்வெழுதியதோடு மறந்துபோன இப்பிரிவு, இரும்புப் பட்டறை வாசலில் இப்படி உயிர்பெற்று வருமென்று நாங்கள் எண்ணியதில்லை. பட்டறையை மூடியவர் நான்கு சிலிண்டர்களையும் தமதென்றே நம்பி விற்றிருக்கலாம். அவர் நம்பியதால் உரிமை மாறிவிடாது.

வாயு நிரப்புவோர் ஏன் மறுக்கின்றனர் என்பதும் இதிலிருந்து புலனாகும். பிறர் பெயர் பொறித்த கலத்தில் வாயுவை அடைத்துக் கொடுத்து அது வெடித்தால், கடைசியாக நிரப்பியவரே முதலில் பதில் சொல்ல வேண்டியவர். அமெரிக்காவில் கூட்டாட்சி விதியே, உரிமையாளர் நிரப்பியதாகவோ அவருடைய ஒப்புதலுடன் நிரப்பியதாகவோ இல்லாத கலத்தை அனுப்பக்கூடாது என்கிறது. நம் நாட்டு விற்பனையாளர் மறுக்கும்போது அது வாடிக்கையாளரைத் தம்மிடமே கட்டிப்போடும் தந்திரம் என்று சிலர் சினம் கொள்கின்றனர். சில இடங்களில் அதுவும் இருக்கக்கூடும்; ஆனால் மறுப்பவர் எல்லாரையும் அவ்வாறு எண்ணுவது சரியன்று.

தோள் சொல்லும் செய்தி

இந்தியாவில் அழுத்தமேற்றிய வாயுக்களின் கலங்களை ஆள்வது, 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட வாயு உருளை விதிகள். இப்போது நடைமுறையில் இருப்பவை 2016-ஆம் ஆண்டு விதிகள். இதற்குமுன் 2004, 1981, 1940 ஆகிய ஆண்டுகளின் விதிகள் இருந்தன. இவற்றை நடைமுறைப்படுத்துவது நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. பெசோ என்ற சுருக்கப் பெயரே தொழில்துறையில் வழங்குகிறது. தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டாளர் ஒப்புதல் தந்த வகைக் கலத்தில் மட்டுமே வாயுவை நிரப்பலாம். வெளிநாட்டிலிருந்து வந்த சிலிண்டருக்கும் இது பொருந்தும். பளபளப்பான புதிய இறக்குமதிச் சிலிண்டரும் அந்த ஒப்புதல் இல்லையேல் நிரப்புமிடத்தில் செல்லாக்காசுதான்.

சிலிண்டரின் வளைந்த மேற்பகுதியையே தோள் என்கிறோம். அங்கே எண்களும் எழுத்துகளும் குத்திப் பொறிக்கப்பட்டிருக்கும். தயாரித்தவர் அல்லது உரிமையாளரின் அடையாளமும் வரிசை எண்ணும், எந்தத் தர நிர்ணயத்தின்படி செய்யப்பட்டது என்பதும், காலிக் கலத்தின் எடையும், நீர்க் கொள்ளளவும், இயங்கு அழுத்தமும், சோதனை அழுத்தமும், கடைசி நீரழுத்தச் சோதனையின் தேதியும், சோதித்த நிலையத்தின் குறியும் அவற்றுள் முக்கியமானவை. மடிப்பில்லாத எஃகுச் சிலிண்டரானால் ஐ.எஸ். 7285 என்ற தர எண்ணையும், அசிட்டிலீன் சிலிண்டரானால் ஐ.எஸ். 7312 என்ற எண்ணையும் தேடலாம். பெயிண்ட் அப்பியிருந்தால் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்துப் படிக்கலாம்; அரைக்கும் இயந்திரத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

இந்த எண்கள் வெறும் அலங்காரமல்ல. பட்டறைகளில் 'டி டைப்' என்று சொல்லும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு 46.7 லிட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் நிரப்பினால் 46.7 × 150, அதாவது ஏறத்தாழ 7,000 லிட்டர். பட்டியலில் '7 கன மீட்டர்' என்று எழுதுவது இதைத்தான். 'பி டைப்' எனப்படும் 10 லிட்டர் சிறு சிலிண்டரில் அதே கணக்கில் 1.5 கன மீட்டர். குளிர்சாதன மெக்கானிக்குகளுக்கு இதுவே தோதானது. விற்பவர் சொல்லும் கொள்ளளவு சரிதானா என்று வாசகர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அந்த 150 கிலோ அழுத்தம், கார் சக்கரத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ 70 மடங்கு என்பதையும் கூடவே நினைவில் வைப்பது நல்லது.

நீரழுத்தச் சோதனை என்பது சிலிண்டரில் நீரை நிரப்பி, இயங்கு அழுத்தத்தைவிட மிகுதியான அழுத்தத்துக்கு ஏற்றிப் பார்ப்பது. 150 கிலோ சிலிண்டரை 250 கிலோ வரை ஏற்றுவர். அழுத்தத்தில் எஃகு சற்றே விரியும். அழுத்தம் நீங்கியதும் பழைய அளவுக்குச் சுருங்க வேண்டும். சுருங்காமல் தங்கிவிடும் விரிவு மொத்த விரிவில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் கலம் தேறவில்லை என்று பொருள். நீரைப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. வாயு அழுத்தத்தில் கலம் கிழிந்தால் அது குண்டு. நீரழுத்தத்தில் கிழிந்தால் பெரும்பாலும் நனைவதோடு போகும். ஆக்சிஜன் சிலிண்டருக்கு இச்சோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டும். தவணை கடந்த கலத்தை நிரப்ப விதியில் இடமில்லை. பெசோ அங்கீகரித்த நிலையத்தில் சோதித்துப் புதுத் தேதி பொறித்தால் அதே கலம் மீண்டும் தொழிலுக்கு வந்துவிடும். ஆதலால், தேதி கடந்துவிட்டது என்ற ஒன்றே கலத்தை ஒதுக்கக் காரணமாகாது. சோதனைக் கட்டணத்தை விலையில் கழித்துப் பேசுவதற்கு அது ஒரு நல்ல காரணம்.

தேறாத கலத்துக்கு விதிகள் காட்டும் முடிவு கடுமையானது. சோதனையில் தோற்றதையும், பொறித்த காலி எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் இழந்ததையும், தட்டையாக நசுக்கியோ துண்டுதுண்டாக வெட்டியோ மறுபடி பற்றவைத்துக் கலமாக்க முடியாதபடி அழித்துவிட வேண்டும். ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்டால், இதைப் படிக்கும் பட்டறைக்காரர்களே முறுவலிப்பர். பற்றவைக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த சந்தை இது!

எண்களோடு நிறத்தையும் பார்க்க வேண்டும். இந்தியத் தரத்தின்படி ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு, அசிட்டிலீன் அரக்குச் சிவப்பு, ஆர்கான் மயில் நீலம். ஆக்சிஜன் வால்வின் மரை வலப்பக்கம் திருகுவது. அசிட்டிலீன் வால்வின் மரை இடப்பக்கம் திருகுவது. ஒன்றின் ரெகுலேட்டர் மற்றொன்றில் பொருந்தாமலிருக்கவே இந்த ஏற்பாடு. வால்வை மாற்றியோ இணைப்புத் துண்டு வைத்தோ பொருத்திக் கொடுக்கிறோம் என்று யாரேனும் சொன்னால், அக்கடையை விட்டு நடையைக் கட்டுவதே அறிவுடைமை. ஒரு வாயுவுக்கான கலத்தை இன்னொரு வாயுவுக்கு மாற்றத் தனியே ஒப்புதல் வேண்டும். பெயிண்ட் டப்பா போதாது. ஆக்சிஜன் வால்வில் ஒரு துளி எண்ணெயும் கிரீசும் படலாகாது என்பது தொழிலாளர் யாவரும் அறிந்ததே. பழைய சிலிண்டரை வாங்குபவருக்கு, அதன் முந்தைய உரிமையாளரும் இதை அறிந்திருந்தாரா என்பது தெரியாது.

எங்கள் வாடிக்கையாளரின் நான்கு சிலிண்டர்களையும் அவருடைய பட்டறைக்கே போய்ப் பார்த்தோம். முதலாவதன் சோதனைத் தேதி சரியாக இருந்தது. ஆனால் ஒரு வாயு நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று பொறித்திருந்தது. இரண்டாவது, மூடிய பட்டறையின் சொந்தச் சிலிண்டர். தயாரிப்பாளரின் சான்றிதழும் வாங்கிய ரசீதும் இருந்தன. சோதனைத் தவணைதான் கடந்திருந்தது. மூன்றாவதன் தோளில் எண்கள் இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. யாரோ அரைத்து எடுத்துவிட்டனர். வாடிக்கையாளர் அதனைத் தடவிப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இத்தனை ஆண்டு இரும்போடு பழகியவருக்கு நாங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான்காவது, அசிட்டிலீன். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அசிட்டிலீன் மற்ற வாயுக்களைப்போல வெறுங்கலத்தில் அழுத்தி அடைக்கக்கூடியதன்று. தனியே அழுத்தினால் நெருப்பும் காற்றும் இல்லாமலே வெடிக்கும் இயல்புடையது. 1897-இல் பிரான்சில் ஜார்ஜ் கிளாட் என்பாரும் ஹெஸ் என்பாரும் அதை அசிட்டோன் என்னும் திரவத்தில் கரைத்து வைக்கும் வழியைக் கண்டனர். அந்தத் திரவத்தைத் தாங்கிக்கொள்ளக் கலம் முழுவதும் நுண்துளைகள் கொண்ட திடப்பொருள் நிரப்பப்படுகிறது. இத்தகைய நிரப்புப் பொருளை மேம்படுத்திய சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாப் டாலென் 1912-இல் நோபல் பரிசு பெற்றார்; அதே ஆண்டில் அசிட்டிலீன் சோதனை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் தம் கண்பார்வையை இழந்தார்.

ஆகவே அசிட்டிலீன் சிலிண்டர் என்பது வெறுங்கலமன்று. கலமும் அதனுள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டமைப்பும் சேர்ந்தது. படுக்கவைத்துப் பயன்படுத்தினாலும் மிக வேகமாக வாயுவை எடுத்தாலும் அசிட்டோன் வெளியேறிவிடும். பல்லாண்டு கிடந்த சிலிண்டரில் உள்பொருள் நொறுங்கி வெற்றிடம் விழுந்திருக்கலாம்; வெளியிலிருந்து பார்த்து இதை அறிய வழியில்லை. நிரப்புமிடத்தில் எடை போட்டு, அசிட்டோன் குறைந்திருந்தால் ஈடுசெய்த பிறகே நிரப்புவர். வரலாறு தெரியாத அசிட்டிலீன் சிலிண்டரை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இதில் நாங்கள் சற்று அளவுக்கு மீறி எச்சரிக்கை காட்டுகிறோம் என்று சில வாடிக்கையாளர்கள் குறைகூறுவர், கூறட்டும்.

எரிவாயுவை மிச்சப்படுத்த, வெட்டும் வேலைக்கு அசிட்டிலீனுக்குப் பதிலாகச் சமையல் எரிவாயுவைப் பயன்படுத்தும் பட்டறைகள் பல உள்ளன. வெட்டுவதற்கு அது ஏற்றதே. அதற்கு 19 கிலோ வணிகச் சிலிண்டரை முறையாக வாங்க வேண்டும். வீட்டு உபயோகச் சிலிண்டரைத் தொழிலுக்குத் திருப்புவது குற்றம்.

2021-இன் எச்சம்

தில்லியில் கைமாறிய சிலிண்டர்களைப் பற்றிப் பேசும்போது 2021-ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களை விட்டுவிட இயலாது. பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் ஆக்சிஜன் தட்டுப்பாடு உச்சத்தை எட்டியபோது, தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் வழங்குவதை ஏப்ரல் 22 முதல் மத்திய அரசு நிறுத்திற்று. ஒன்பது வகைத் தொழில்களுக்கு மட்டுமே முதலில் விலக்கு இருந்தது. சிறு பட்டறைகள் அப்பட்டியலில் இல்லை. வெட்டும் கருவிகள் சுவரில் தொங்கின. சிலிண்டர்கள் மட்டும் ஓய்வின்றி அலைந்தன. மாயாபுரி, நாராயணா, ஓக்லா, பவானா போன்ற இடங்களில் நிரப்பும் ஆலைகளின் வாசலில் இரவும் பகலும் மக்கள் காத்து நின்றதை அந்நாளில் தில்லியில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நைட்ரஜன், ஆர்கான் சிலிண்டர்களையும் சுத்திகரித்து மருத்துவ ஆக்சிஜனுக்கு மாற்ற அனுமதி அளிக்கப்பட்டது. வெல்டிங் பட்டறையின் சிலிண்டர் ஒன்று கட்டிலருகே நின்று உயிர்காத்த கதைகளும் உண்டு; கள்ளச் சந்தையில் பன்மடங்கு விலைக்கு வாங்கியும் நிரப்ப இடமின்றித் தவித்த கதைகளும் உண்டு.

அலை ஓய்ந்தபின் அந்தச் சிலிண்டர்கள் வீடுகளின் மாடிப்படிக்குக் கீழும் குடியிருப்போர் சங்கங்களின் கிடங்குகளிலும் தங்கிவிட்டன. அவற்றுள் பல இப்போதுதான் விற்பனைக்கு வருகின்றன. கறுப்புடல், வெள்ளைத் தோள் கொண்டவை மருத்துவ ஆக்சிஜனுக்கானவை. அவசரத்தில் வண்ணம் மாற்றியவையும், ஒப்புதல் பெறாத இறக்குமதிகளும் அவற்றோடு கலந்திருக்கலாம். 2021-இல் வாங்கிய கலத்துக்கு அப்போதே சோதனை நடந்திருந்தாலும், ஐந்தாண்டுத் தவணையை எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தகைய சிலிண்டரை வைத்திருக்கும் வாசகர்கள் அதைப் பழைய இரும்பாக எடைக்குப் போடுமுன், அதன் பெயர்ப் பொறிப்பைப் பார்த்து உரிய நிறுவனத்தைத் தொடர்புகொள்வது நலம்.

பழைய பொருளின் பூர்வோத்தரம் தெரியாமல் வாங்குவதால் வரும் கேட்டுக்கு இதே தில்லியில் மறக்க முடியாத சான்று ஒன்றுண்டு. 2010 பிப்ரவரியில் தில்லிப் பல்கலைக்கழகம் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஒரு கதிர்வீச்சுக் கருவியை ஏலத்தில் விற்றது. மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டுப் பலர் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். விற்றவருக்கும் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தெரியவில்லை. சிலிண்டர் அத்தகைய பொருளன்று என்றாலும், ஏலத்திலும் எடைக்கடையிலும் வரும் இரும்பு தன் கதையைத் தானே சொல்வதில்லை.

வங்கியின் பார்வையில்

இனி எங்கள் துறைக்கு வருவோம். வாடிக்கையாளருக்கு மூன்று வழிகள் உள்ளன. வைப்புத்தொகை கட்டி விற்பனையாளரின் சிலிண்டரைப் பெறலாம், புதிதாகச் சொந்தச் சிலிண்டர் வாங்கலாம், கைமாறியதை வாங்கலாம். மாதம் இரண்டு மூன்று சிலிண்டர் மட்டுமே செலவாகும் பட்டறைக்கு முதல் வழியே பெரும்பாலும் இலாபம். சோதனைச் செலவு, வால்வுப் பழுது, துரு எதுவும் அவர் தலையில் விழாது. கட்டிய வைப்புத்தொகை செலவன்று, சொத்து. இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கத்தில் நிற்கும். அதற்கான ரசீதைத் தொலைப்பவர்களே மிகுதி. ஆண்டுகள் கழித்துக் கணக்கை முடிக்கும்போது பணம் திரும்ப வேண்டுமானால் அந்தத் துண்டுத்தாள்தான் பேசும்.

சொந்தச் சிலிண்டருக்கு வேறொரு கவர்ச்சி உண்டு. வருமான வரிக் கணக்கில் வால்வு, ரெகுலேட்டர் உட்பட வாயுச் சிலிண்டர்களுக்குத் தேய்மானம் முன்பு 60 விழுக்காடாக இருந்தது. 2017-18 நிதியாண்டு முதல் உச்சவீதம் 40 விழுக்காடு என்றாயிற்று. பொதுவான இயந்திரங்களுக்கு 15 விழுக்காடு என்பதோடு ஒப்பிட்டால் இது இன்றும் தாராளமே. ஒரு காலத்தில் இந்தத் தாராளம் வேறு வகையில் வினையாயிற்று. 5,000 ரூபாய்க்கு மிகாத விலையுள்ள இயந்திரத்தின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க 1990-களின் நடுப்பகுதிவரை வழியிருந்தது. சிலிண்டரின் விலை அதற்குள் அடங்கியதால், வாழ்நாளில் ஒரு வால்வையும் திருகியறியாத குத்தகை நிறுவனங்களெல்லாம் சிலிண்டர்களை வாங்கிக் குத்தகைக்கு விட்டன. சிலிண்டர்கள் உண்மையில் இருந்தனவா, தாளில் மட்டும் இருந்தனவா என்று வரித்துறையும் தீர்ப்பாயங்களும் பல்லாண்டு ஆராய வேண்டியதாயிற்று. வங்கி அதிகாரிகள் 'சிலிண்டர்' என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வதற்கு இப்பழங்கதையும் ஒரு காரணம்.

கைமாறிய சிலிண்டருக்கு நாங்கள் கடன் தருவதில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். 2015 ஏப்ரல் 8-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 இலட்சம் வரையும், தருண் பிரிவில் 10 இலட்சம் வரையும் சொத்துப் பிணையின்றிக் கடன் பெறலாம். கைக்கருவிகொண்டு தொழில் செய்யும் கொல்லர் முதலிய 18 வகைக் கைவினைஞருக்கு, 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 5 விழுக்காட்டு வட்டியில் முதல் தவணையாக ஒரு இலட்சம் கிடைக்கும். ஆனால் கடனால் வாங்கும் பொருள் கடனாளியின் சொத்தாக வேண்டும். அவர் அதைக்கொண்டு சம்பாதிக்கவும் முடிய வேண்டும். பிறர் பெயர் பொறித்த சிலிண்டர் இவற்றுள் முதலாவதில் தவறுகிறது. நிரப்ப மறுக்கும் சிலிண்டர் இரண்டாவதில் தவறுகிறது.

எங்கள் வாடிக்கையாளரின் கதை இப்படி முடிந்தது. நிறுவனப் பெயருள்ள சிலிண்டரை அந்நிறுவனத்திடமே ஒப்படைத்தார். அரைத்தெடுத்த சிலிண்டரும் அசிட்டிலீனும் எவ்வகையிலும் உதவவில்லை. கொடுத்த முன்பணத்தில் பாதியை மட்டுமே விற்றவர் திருப்பினார். ஆவணமுள்ள சிலிண்டர் சோதனையில் தேறி இன்றும் அவரிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் கம்பிகளை அடுத்த பட்டறையில் நாள் கூலிக்கு வெட்டி வாங்கினார். வேலை தீபாவளிக்கு முந்தைய வாரம் முடிந்தது. இலாபத்தில் ஒரு பங்கு அந்தக் கூலிக்கே போயிற்று. ரெகுலேட்டர்களுக்கும் இரண்டு சிலிண்டர்களின் வைப்புத்தொகைக்கும் சிசு பிரிவில் கடன் வழங்கினோம். தவணை தவறாமல் கட்டி வருகிறார்.

சொந்தச் சிலிண்டர் உடையவர்கள் நிரப்பக் கொடுக்கும்போது, "இதே சிலிண்டரை நிரப்பித் தருவீர்களா, மாற்றித் தருவீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சோதித்துப் பேணிய நல்ல கலத்தைக் கொடுத்துவிட்டுத் தவணை முடியும் தறுவாயிலுள்ள ஒன்றை வாங்கி வருவோர் உண்டு. மாற்று முறைதான் என்றால், வாங்கும் சிலிண்டரின் தோளையும் அங்கேயே படியுங்கள். கொடுக்கும் சிலிண்டரின் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். உரிமையாளர் தம் கலத்தின் வரிசை எண், தர எண், முதல் சோதனைத் தேதி, சான்றிதழ்கள், ஒப்புதல் கடித எண் ஆகியவற்றைக் கலத்தின் ஆயுள்வரை பதிவில் வைத்திருக்க வேண்டுமென விதிகளே சொல்கின்றன. விற்பவரிடம் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை. வாங்கியதை வீட்டுக்கு எடுத்துவரச் சைக்கிளையோ ஸ்கூட்டரையோ நாட வேண்டாம். நிரம்பிய சிலிண்டரை இருசக்கர வண்டியில் கொண்டுசெல்ல விதி தடை செய்கிறது.

கடன் விண்ணப்பத்துடன் வருவோர் விற்பவரின் ரசீது, தயாரிப்பாளர் சான்றிதழ், கடைசிச் சோதனைச் சான்று ஆகியவற்றின் நகல்களையும், சிலிண்டரின் தோள் தெளிவாகத் தெரியும்படி கைபேசியில் எடுத்த படம் ஒன்றையும் கொண்டுவந்தால் போதும். நிரப்பித் தர இசைவதாக உள்ளூர் விற்பனையாளர் தம் சீட்டில் இரண்டு வரி எழுதித் தந்தால் இன்னும் நல்லது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வந்தால், சரிபார்ப்பதற்கு எங்களுக்கு ஒரு வேலைநாளுக்கு மேல் தேவைப்படாது.